சிறிய ஸ்போர்ட் பைக்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008-இல் யமஹா ஆர்15 இந்தியச் சந்தைக்கு வந்தபோது, 150 சிசி வண்டி ஒன்றில் ரேடியேட்டரும் ஆறு கியரும் எஞ்சினை மறைக்கும் உறையான முழு ஃபேரிங்கும் சேர்ந்திருப்பது இங்கே புதுமையாக இருந்தது. அதன் பிறகு கேடிஎம் ஆர்சி வரிசை, பஜாஜ் பல்சர் ஆர்எஸ்200, ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்று இந்த வகை பெருகிவிட்டது. ஆனால் இவற்றை வாங்குபவர்களில் பெரும்பாலோர் நூறு சிசி குடும்ப வண்டியில் ஓட்டக் கற்றவர்கள்; அந்த வண்டி பொறுத்துக்கொண்ட பழக்கங்களை அப்படியே இதற்கும் கொண்டுவருகிறார்கள். குடும்ப வண்டியில் ஆயில் கசிந்தால் ஸ்டாண்டு போடும்போதே கண்ணில் படும். இங்கே எஞ்சின், ரேடியேட்டர், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பா எல்லாம் ஃபேரிங்குக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. மறைந்திருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வெளியே தெரியும் சைலன்சரையும் டயரையும் செயினையும் வேண்டாத அளவுக்குக் கைவைக்கிறார்கள். இந்த வண்டிகளில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருகிறது.

புது வண்டியிலிருந்தே தொடங்கலாம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மெதுவாக ஓட்டுவது என்றால் டாப் கியரில் ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒத்துப்போவதற்கு எஞ்சினின் சுமையும் சுழற்சியும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கையேட்டில் சொன்ன ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) எல்லைக்குள் கியர்களை மாற்றி மாற்றி ஓட்டுவதே சரி. முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. புது எஞ்சினில் உரசித் தேய்ந்த நுண்ணிய உலோகத் துகள்கள் அந்த ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

மைலேஜுக்காக வண்டியை இழுத்துத் தள்ளுவது அடுத்த தவறு. ஆர்15-இன் நான்காம் பதிப்பு தன் 18.4 பிஎஸ் சக்தியைத் தருவது 10,000 ஆர்பிஎம்மில். அதிகபட்ச முறுக்குவிசையான 14.2 நியூட்டன் மீட்டர் கிடைப்பதும் 7,500-இல்தான். இப்படிப்பட்ட எஞ்சினை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைத் திருகினால் அது உதறும். அந்த உதறல் ஒவ்வொன்றும் செயினிலும் கிளட்சிலும் கிராங்க் பேரிங்கிலும் அடியாக விழும். எரிபொருளும் மிச்சமாகாது. இதற்கு நேர்மாறாக, காலையில் ஸ்டார்ட் செய்த நொடியிலேயே தெருவே கேட்கும்படி முறுக்குபவர்களும் இருக்கிறார்கள். ஆயில் மேலே ஏறி, வால்வுகளைத் திறக்கும் கேம் வரை போய்ச் சேர்வதற்குள் செய்யும் அந்த முறுக்கலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஆயிலில் நடக்கும் தவறு பெரும்பாலும் நல்லெண்ணத்தில் நடப்பது. விலை உயர்ந்த கார் ஆயில் உயர்ந்ததுதானே என்று வாங்கி ஊற்றுகிறார்கள். இந்த வண்டிகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்; கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலிலேயே நனைந்தபடி இயங்குகின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருப்பதால் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கத் தொடங்கும். ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக் குறி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். அளவு பார்க்கும்போது வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துவைத்துப் பார்த்தால் குறைவாகவோ கூடுதலாகவோ காட்டும்; சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்பதால் சமதளத்தில் இன்னொருவர் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். குறைவாகக் காட்டுகிறதே என்று மேலும் ஊற்றி, கூடுதலான ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த வண்டிகள் ஏராளம்.

கூலன்ட் விஷயத்தில்தான் மறைவின் கேடு முழுமையாகத் தெரியும். அதன் டப்பாவில் மேல் கோடு, கீழ் கோடு என இரண்டு குறிகள் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவு அவற்றுக்கிடையே இருக்க வேண்டும். ஒரு டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிடக்கூடிய இதை, வெப்ப எச்சரிக்கை விளக்கு எரியும் நாள் வரை பார்க்காதவர்களே அதிகம். விளக்கு எரிந்ததும் பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறார்கள். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் சுத்திகரித்த தண்ணீரை ஊற்றி வீடு சேரலாம். ஆனால் பிறகு அதை வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட் மாற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்புகள் ரேடியேட்டரின் குறுகலான குழாய்களில் படிந்துவிடும்; அலுமினியம் அரிக்காமல் காக்கும் சேர்மானங்களும் வெறும் தண்ணீரில் கிடையாது. கூலன்ட் நிறைந்திருந்தாலும் அந்தச் சேர்மானங்கள் காலப்போக்கில் வலுவிழக்கும் என்பதால், கையேட்டில் குறித்த காலத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அதே சமயம், சிக்னலில் நிற்கும்போது விசிறி ஓடுவதும் முழங்காலில் அனல் அடிப்பதும் கோளாறு அல்ல. சூடு ஏறியும் விசிறி ஓடாமலிருப்பதே கோளாறு.

வாட்டர் வாஷ் இதோடு சேர்ந்தது. அழுத்தத்தோடு பாயும் நீரை அருகிலிருந்து அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய இதழ்கள் மடங்கிக் காற்று புகும் வழி அடைபடும். ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டுக்குள்ளும் வீல் பேரிங்குக்குள்ளும் நீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும். முன்சக்கரம் வாரியடித்த சேற்றை ரேடியேட்டரிலிருந்து மென்மையான நீரோட்டத்தால் நீக்கலாம்.

செயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்ப வண்டிகள் பலவற்றில் செயின் ஒரு மூடிக்குள் இருக்கும். இங்கே திறந்தே கிடக்கிறது. அதனால் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் ஓட்டிய பின்னும் கழுவிய பின்னும் லூப் (செயினுக்கான மசகு) அடிக்க வேண்டியிருக்கிறது. ஓ-ரிங் உள்ள செயின்களில் இணைப்பு ஊசிக்கும் அதைச் சூழ்ந்த புஷ்ஷுக்கும் இடையே தயாரிக்கும்போதே கிரீஸ் வைத்து, இரு பக்கமும் சிறு ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள். பெட்ரோலில் நனைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் அந்த வளையங்கள் கெட்டு உள்ளே இருக்கும் கிரீஸும் போய்விடும். வெளியே எவ்வளவு லூப் அடித்தாலும் அது திரும்ப வராது. செயினைப் பெட்ரோலில் கழுவிப் பளபளவென்று காட்டும் கடைகளை நான் நம்புவதில்லை. செயின் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும் பயன்படுத்தித் துடைத்து, ஓட்டி வந்த சூடு இருக்கும்போது உட்புறமாக லூப் அடித்து, சற்று நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். அடிக்கும்போது டயரிலும் டிஸ்க்கிலும் தெறிக்காமல் ஓர் அட்டையை மறைத்துப் பிடிப்பது அவசியம்.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் துணியைச் செயின்மேல் பிடித்துத் துடைப்பவர்கள் உண்டு. துணி ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரத்தில்) சிக்கினால் விரலும் கூடவே போகும். கையால்தான் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

தளர்ந்த செயின் சத்தம் போடுவதால் எல்லாரும் கவனிக்கிறார்கள். இறுகிய செயின் சத்தமில்லாமல் கெடுப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆள் ஏறி உட்கார்ந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது இரு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையிலான தூரம் கூடிக் குறையும். அதற்கு இடம் கொடுக்காமல் விறைப்பாக வைத்தால், அந்த இழுவை முழுவதும் கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங்கிலும் பின்சக்கர பேரிங்கிலும் விழும். இந்த வகை வண்டிகளில் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். துல்லியமான அளவும், அதை எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். ஓடிய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு நீண்டிருக்காது என்பதால், சக்கரத்தைச் சுழற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். தேய்ந்துவிட்டால் முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளோடு சேர்த்து மாற்றுவதே சிக்கனம்; தேய்ந்த பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

டயரில் முதல் தவறு அகலம். ஆர்15-இன் பின் டயர் 140/70 அளவுடையது. பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்று அதே ரிம்மில் 150 அளவை ஏற்றுகிறார்கள். ரிம்மின் அகலம் மாறாததால் புது டயர் இரு பக்கமும் நெரிபட்டு, அதன் வளைவு கூர்மையாகிறது. சாய்க்கும்போது சாலையில் பதிய வேண்டிய பரப்பு கெடுகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலும் சக்கர வேகத்தை வைத்தே முடிவெடுக்கின்றன. டயரின் விட்டம் மாறினால் அவற்றின் கணக்கும் பிசகும். காற்றழுத்தத்திலும் ஒரு மோகம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் டயர் சூடேறுவதைக் கணக்கிட்டு அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அதைக் கேட்டுவிட்டு ஊர்ச் சாலையிலும் குறைவாக வைத்தால், பள்ளத்தில் விழும்போது அலாய் ரிம் நெளிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். டயரின் பள்ளக் கோடுகள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழையதாகி இறுகியிருக்கலாம் என்பதால், பயன்படுத்திய டயர் வாங்கும் யாரும் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. புது டயரின் மேற்பரப்பு வழுக்கும் என்பதால் முதல் நூறு கிலோமீட்டராவது அளவோடு சாய்க்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். ஏலகிரி போன்ற மலைப்பாதையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகி லீவர் தொளதொளவென்று போய்விடும். வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஏற்கெனவே திறந்து வைத்திருந்த பழைய டப்பாவிலிருந்து ஊற்ற விடக்கூடாது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கிக் ஸ்டார்ட் கிடையாது. பெட்ரோல் பம்பும் இஞ்செக்டரும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தை பலிக்காது. வாரக்கணக்கில் நிறுத்தினால் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவைக்கலாம். கூடுதல் ஹாரனும் விளக்கும் பொருத்துவதற்காக வயரை நறுக்கி டேப் சுற்றினால் வாரண்டியும் போகும், பிறகு எங்கே கோளாறு என்று தேடுவதற்கே ஒரு நாள் ஆகும்.

சைலன்சர் மாற்றுவது இளைஞர்களின் முதல் ஆசை. பிஎஸ்6 மாசு வரம்பு விதிப்படி வந்த வண்டிகளில் புகைக்குழாய் வழியில் ஆக்சிஜன் சென்சாரும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் இருக்கின்றன. வெளியேறும் வாயுவைப் பார்த்து எஞ்சினின் கணினியான இசியு பெட்ரோல் அளவைத் திருத்துகிறது. அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. முழு அமைப்பையும் கழற்றிவிட்டுத் திறந்த குழாயைப் பொருத்தினால், எஞ்சினுக்குக் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். பெரும்பாலும் சக்திக்குப் பதில் சத்தமே கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அம்சங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. பின் மட்கார்டைக் கழற்றுவது சிறு விஷயமாகத் தோன்றும். ஆனால் சக்கரம் வாரும் சேறு முழுவதும் பின்பக்க அதிர்வுதாங்கியான மோனோஷாக்கில் போய் அடிக்கும்.

காப்பீட்டில் நடக்கும் தவறு பணத்தில் மிகப் பெரியது. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்தாண்டுக்குக் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், தம் வண்டிக்கான சேதக் காப்பீடு பொதுவாக ஓராண்டில் முடிந்துவிடுவதைக் கவனிப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் கீழே விழும்போதுதான் அது தெரியவருகிறது. ஃபேரிங் வண்டியில் நின்ற இடத்தில் சாய்ந்தாலே பிளாஸ்டிக் உடையும். சாதாரணக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். மற்ற வண்டிக்கு எப்படியோ, இந்த வண்டிகளுக்கு அந்தத் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்ப்பது வீண் செலவல்ல.

பழைய வண்டி வாங்குபவர்கள் செய்யும் தவறும் ஃபேரிங்கை நம்புவதுதான். புது ஸ்டிக்கரும் புது ஃபேரிங்கும் விழுந்த வண்டியை மறைத்துவிடும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பினால் அது இடித்து நிற்கும் இடத்தில் சேஸிஸில் ஒரு சிறு முட்டு இருக்கும். பலமாக மோதிய வண்டியில் அது நசுங்கியோ பெயிண்ட் உதிர்ந்தோ இருப்பது வழக்கம். நேராக ஓட்டும்போது ஹேண்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, ஃபேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுகளில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வண்டி எண்ணை வைத்து அரசின் பரிவாஹன் தளத்தில் கடன் பதிவும் அபராத நிலுவையும் இருக்கின்றனவா என்று சரிபார்க்கலாம். ஃபேரிங்கைக் கழற்றிக் காட்ட விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.