நானோகுழாய்களைச் சிமெண்டில் பரப்ப பிசிஇ கரைசல்: அளவும் செய்முறையும்

சிமெண்டில் விரிசலைப் பிடிக்கச் சேர்க்கும் மிக நுண்ணிய கார்பன் நானோகுழாய்களைத் தண்ணீரில் திரளாமல் பிரித்து வைப்பது எளிது; எஸ்டிஎஸ் போன்ற சோப்பு வகைப் பொருளே போதும். சிமெண்ட் சேர்ந்ததும்தான் சிக்கல். நீரின் பிஎச் 12.5-ஐத் தாண்டுகிறது, கால்சியம் அயனிகள் நிறைகின்றன. எஸ்டிஎஸ் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிட, குழாய்கள் மறுபடி திரள்கின்றன. நுரை வேறு காற்றை உள்ளே அடைக்கிறது. பாலிகார்பாக்சிலேட் ஈதர், அதாவது பிசிஇ சூப்பர்பிளாஸ்டிசைசர் (குறைந்த நீரிலேயே சிமெண்ட் கலவையை இளக வைக்கும் சேர்பொருள்), இதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். மின்சுமையை மட்டும் நம்பாமல், அதன் நீண்ட பக்கச்சங்கிலிகள் குழாய்களை நெருங்கவிடாமல் விலக்கி வைக்கின்றன.

1 கிலோ சிமெண்ட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.40 என்று வைத்துக்கொள்வோம். பல்சுவர் நானோகுழாய் 0.5 கிராம், அதாவது சிமெண்டில் 0.05%. பிசிஇ திடப்பொருள் அதைப்போல 4 மடங்கு, 2 கிராம். 40% திடப்பொருள் உள்ள திரவமானால் 5 கிராம் எடுக்க வேண்டும். அதிலேயே 3 கிராம் நீர் இருப்பதால், தனியாகச் சேர்க்கும் நீர் 397 கிராம். இந்தக் கழித்தலை மறப்பவர்கள் அதிகம்.

நானோகுழாய்த் தூளை ஃபியூம் ஹூடுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி), முகக்கவசமும் கையுறையும் அணிந்து எடை போடுங்கள். 200 கிராம் நீரில் முதலில் பிசிஇ-யைக் கரைத்து, பிறகு தூளைத் தூவி, முழுதும் நனையும்வரை மெதுவாகக் கலக்குங்கள். அதன்பின் 20 கிலோஹெர்ட்ஸ் புரோப் சோனிகேட்டர், அதாவது கரைசலுக்குள் கம்பியை விட்டு ஒலியலையால் திரளைப் பிரிக்கும் கருவி: 50% வீச்சு, 20 விநாடி ஓட்டம், 20 விநாடி ஓய்வு, ஓடும் நேரம் மட்டும் மொத்தம் 30 நிமிடம். இது தொடக்க அளவுதான். கருவிக்குக் கருவி மாறும். பீக்கரை ஐஸ் குளியலில் வையுங்கள். சூடேறினால் நீர் ஆவியாகும், ஒலியலையின் குமிழி வெடிப்பும் வலுவிழக்கும். கூடுதல் நேரம் ஓட்டினால் குழாய்கள் உடைந்து குட்டையாகும். விரிசலைக் குறுக்கே பிடிக்க நீளம் வேண்டும். ஆவியான நீரை எடை பார்த்து ஈடுசெய்யுங்கள்.

உண்மையான சோதனை சுண்ணாம்புத் தெளிநீரில்தான்; சிமெண்ட் நீரைப் போலவே அதிலும் பிஎச் அதிகம், கால்சியமும் உண்டு. வடிகட்டிய தெளிநீர் 100 மில்லியில் கரைசலைச் சில துளிகள் விட்டு, மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் அடியில் படிந்தால் பிசிஇ திடப்பொருளை நானோகுழாயைப்போல 6 மடங்கு வரை கூட்டிப் பார்க்கலாம். மேலே வெள்ளை ஏடு படர்ந்தால் அது காற்றின் கார்பன் டைஆக்சைடு வேலை, நானோகுழாயின் குற்றமல்ல.

கரைசல் தேறினால், மீதி 197 கிராம் நீரையும் சேர்த்து அன்றைக்கே சிமெண்டில் கலந்துவிடுங்கள். சிமெண்ட் துகள்களும் பிசிஇ-க்குப் போட்டியிடும் என்பதால் குறைந்த அளவு போட்டால் குழாய்களுக்கு மிஞ்சாது. அதிகமானால் கலவையில் நீர் கசியும், இறுகுவது தள்ளிப்போகும். நானோகுழாய் இல்லாத ஒப்பீட்டு மாதிரியிலும் அதே 5 கிராம் பிசிஇ போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பிசிஇ-யின் பலனைத்தான். வலிமை குறைந்திருந்தால், முதலில் இரண்டு கலவைகளின் ஈர அடர்த்தியையும் ஒப்பிடுங்கள். குழாய் சேர்த்ததில் அடர்த்தி குறைவென்றால் காற்று புகுந்திருக்கிறது. டிரைபியூட்டைல் பாஸ்பேட் போன்ற நுரையடக்கி சிறிதளவு போதும்.