பாட்டைப் பதிவு செய்து வைப்பதில் நாம் செய்யும் தவறுகள்

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் சித்தப்பா வீட்டில் இரண்டு தகரப் பெட்டி நிறைய கேசட்டுகள் இருக்கின்றன. திருச்சி வானொலியில் வந்த கச்சேரிகள், இலங்கை வானொலியில் கேட்ட பாட்டுகள், டிவி நாடகங்களின் ஒலி, எல்லாம் அவரே உட்கார்ந்து பிடித்தவை. மலை ஈரத்தில் பாதி நாடாவில் பூஞ்சை. கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று போன மழைக்காலத்தில் எடுத்தபோது சித்தி பயந்துவிட்டார். "இதெல்லாம் திருட்டுப் பதிவுதானே கண்ணு? கேசு கீசு ஆகிடப் போகுது, பேசாம எரிச்சுடலாமா?" என்றார்.

எரிக்கவே கூடாது. இந்தப் பயம்தான் முதல் தவறு. வானொலியிலோ டிவியிலோ வருவதை ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்தால், அது ஒலிபரப்பியவரின் உரிமையையோ பாடியவர், வாசித்தவரின் உரிமையையோ மீறியது ஆகாது என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 39ஆம் பிரிவில் நேரடியாகவே சொல்கிறது. நிகழ்ச்சிக்குள் இருக்கும் பாட்டு, இசை, படம் ஆகியவற்றுக்கு உள்ள உரிமை வேறு. அதற்கு 52ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். தனிப்பட்ட உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதை அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. முன்பு இந்த அனுமதியில் ஒலிப்பதிவும் திரைப்படமும் சேரவில்லை. 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் கணினி நிரல் தவிர மற்ற எல்லாப் படைப்புகளையும் இதற்குள் கொண்டுவந்தது. நம்மிடம் உள்ள பழைய நாடாவை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வீட்டில் கேட்பதை நான் தாராளமாக இந்த அனுமதிக்குள் சேர்ப்பேன்.

ஆனால் 39ஆம் பிரிவின் சொற்களைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்கிறவரின் சொந்த உபயோகம் என்றுதான் அதில் இருக்கிறது. இன்னொருவருக்காகப் பதிவு செய்வது அதில் அடங்காது. அந்தக் காலத்தில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் பதிந்து தரும் கடைகள் இருந்தன. இன்று அதே வேலை மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் நடக்கிறது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளிலும் அம்மாப்பேட்டைத் தறிகளிலும் நாள் முழுக்க ஓடும் பாட்டெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஏற்றித் தரும் கடைக்காரருக்கு இந்த விலக்கு கிடையாது. தெரிந்தே செய்தால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிழைப்புக்காகச் செய்யும் சின்னக் கடைக்காரர்கள் இது தெரியாமலே மாட்டிக்கொள்வதுதான் எனக்கு வருத்தம்.

காசு வாங்காமல் வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் அனுப்பினால் பரவாயில்லை என்பார்கள். அதுவும் தவறு. லாபம் இருந்தால்தான் குற்றம் என்று சட்டத்தில் இல்லை. வியாபார ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தகுந்த காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. தங்க வருகிறவர்களுக்காக ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் படமும் பாட்டும் போட்டு டிவியோடு இணைத்து வைக்கிறார்கள். நம் வீடுதானே என்கிறார்கள். விருந்தினர் காசு கொடுத்துத் தங்கும்போது அதைச் சொந்த உபயோகம் என்று எப்படிச் சொல்வது? கேபிள், செயற்கைக்கோள் வழியாக ஓட்டல் அறைகளுக்குப் படம் அனுப்புவதையே பொதுமக்களுக்குக் கொண்டுசெல்வதாகத்தான் சட்டம் கருதுகிறது.

அதே சமயம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் அம்மன் பாட்டுப் போட யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. உண்மையான சமயச் சடங்குக்கும், கல்யாண ஊர்வலம் உள்ளிட்ட கல்யாணக் கொண்டாட்டங்களுக்கும் 52ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது.

கல்யாணம் என்றதும் வீடியோ ஞாபகம் வருகிறது. இதில் எங்கள் வீட்டிலேயே தவறு நடந்தது. தங்கையின் கல்யாண வீடியோவில், எடுத்தவர் பத்துப் பதினைந்து சினிமாப் பாட்டுகளைச் சேர்த்திருந்தார். யூடியூபில் போட்டோம், மறுநாளே ஒலி போய்விட்டது. மண்டபத்தில் பாட்டுப் போடக் கிடைத்த விலக்கு, அந்தப் பாட்டை வீடியோவில் ஒட்டி உலகத்துக்குக் காட்டுவதற்குக் கிடைக்காது என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. வீடியோ யாருடையது என்பதிலும் குழப்பம் இருந்தது. காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. படம் நமது, அதில் ஒட்டிய பாட்டு பிறருடையது.

அப்புறம் "பழைய பாட்டுதானே" என்பது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்குப் பழைய படங்கள் என்றால் ஊர்ச் சொத்து மாதிரி ஓர் உரிமை வந்துவிடுகிறது. ஆனால் ஒரு சினிமாப் பாட்டில் பல உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964இல் வந்த படம் என்றால் 2024 கடைசியோடு அது முடிந்தது. வரிக்கும் மெட்டுக்கும் உள்ள கணக்கு வேறு. எழுதியவர், இசையமைத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கண்ணதாசன் 1981இல் மறைந்தார், அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. பாரதி 1921இல் மறைந்தார், அவர் வரிகள் எல்லாருக்கும் பொது. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் புதிதாக மெட்டமைத்துப் பாடி வெளியிட்ட பாரதி பாட்டுப் பொதுவல்ல.

பத்து நொடி எடுத்தால் தவறில்லை என்று ஒரு விதி நம் சட்டத்தில் எங்கும் கிடையாது. டிவி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது சரி என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டி இங்கே வாதாடுகிறார்கள். அது அந்த நாட்டுச் சட்டத்துக்கான தீர்ப்பு. தியேட்டரில் போனைத் தூக்கிப் படம் பிடிப்பதற்கு 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தனியாகவே சிறைத்தண்டனை இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம்.

சித்தப்பாவின் பெட்டியில் ஒரு கேசட் தனி ரகம். 2001இல் அத்தையின் கல்யாணத்தில் அவரே டேப் ரெக்கார்டரை மேடைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்த நாதஸ்வரம். பெரும்பாலும் தியாகராஜர் கிருதிகள். அவர் 1847இல் மறைந்தவர், பாட்டுக்குத் தடையில்லை. பதிவும் எங்களுடையது. ஆனால் வாசித்தவரின் உரிமை 50 ஆண்டு, 2051 கடைசிவரை இருக்கிறது. வீட்டில் கேட்க அது தடையில்லை, யூடியூபில் ஏற்ற அவர் சம்மதம் வேண்டும். ஓமலூரில் அவரைத் தேடிப் போனோம். இப்போது வாசிப்பதில்லை. சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார், தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். அன்று தவில் வாசித்தவர் தாரமங்கலத்தில் இருக்கிறாராம். அவரையும் பார்த்துக் கேட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும்.