ஃபுட்டி தெரியாத ஊரில் ஃபுட்டி அணி

மெல்பர்னில் மகள் ஆடிய சிறுவர் ஃபுட்டி அணிக்கு (ஆஸ்திரேலிய கால்பந்துக்கு அங்கே செல்லப்பெயர் ஃபுட்டி) கோல் அம்பயராக நிற்க ஆள் கிடைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கையில் இரண்டு வெள்ளைக் கொடி. நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் இரண்டையும் வீசவேண்டும், ஆறு புள்ளி. நடுக்கம்பத்துக்கும் ஓரக்கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு கொடி, ஒரு புள்ளி. நான்கு வருஷம் கொடி வீசியதுதான் எனக்கும் ஆஸ்திரேலிய கால்பந்துக்கும் இருந்த உறவு. அப்புறம் கணவருக்கு ஜெர்மனியில் வேலை. ரைன் ஆற்றங்கரையில் ஓர் ஊர். வந்த முதல் வாரமே மகள் கேட்டாள், "அம்மா, இங்கே ஃபுட்டி எங்கே ஆடுவாங்க?" எங்கேயும் இல்லை. அதனால் நாங்களே தொடங்கினோம். ஆறு வருஷம் ஆகிறது. உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால், எங்களுக்குப் பட்டுத் தெரிந்தது இது.

முதலில் பெயர். அறிவிப்பில் வெறுமனே ஃபுட்பால் என்று போடாதீர்கள். ஜெர்மனியில் அந்தச் சொல் ஏற்கெனவே ஒரு மதத்துக்குச் சொந்தம். ஹேண்ட்பால் என்றும் எழுதாதீர்கள். ஃபுட்டியில் ஒரு உள்ளங்கையில் பந்தை வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்புவதற்கு அதுதான் பெயர். இங்கேயோ ஹேண்ட்பால் என்பது உள்ளரங்கில் ஆடும் வேறு ஆட்டம், பெரிய ஆட்டம். 'ஹேண்ட்பால் கற்றுத்தருகிறோம்' என்று நான் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து, உள்ளரங்கக் காலணியோடு இரண்டு பேர் ஈரப் புல்வெளிக்கு வந்து நின்றார்கள். ஒருவர் இன்றும் ஆடுகிறார். பந்தை எறியக்கூடாது என்பது மட்டும் அவர் கைக்கு இன்னும் முழுதாக ஏறவில்லை.

யாரைக் கூப்பிடுவது? கால்பந்து கோல்கீப்பர்களை. பந்தைப் பிடிக்கவும் தெரியும், கையிலிருந்து விட்டு உதைக்கவும் தெரியும், அணியில் மாற்று ஆளாக உட்கார்ந்து சலித்தும் போயிருப்பார்கள். அடுத்து கூடைப்பந்து, வாலிபால் ஆடிய உயரமானவர்கள். பதினைந்து மீட்டராவது பறந்து வந்த உதையை எம்பிப் பிடித்தால் அது 'மார்க்'. யாரும் மேலே விழாமல் நின்று நிதானமாக உதைக்கலாம். நம்பாதவர்களிடம் மேசன் காக்ஸ் கதையைச் சொல்லுங்கள்: 211 செ.மீ. உயரம், அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடியவர், வளர்ந்தபின் இந்த ஆட்டத்தைக் கற்று, 2023இல் கோப்பை வென்ற காலிங்வுட் அணியில் இருந்தார். பெண்களைத் தனியாக, பிறகு என்று ஒத்திப்போடாதீர்கள். எங்கள் அணியில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் இல்லையென்றால் இரண்டாம் வருஷமே கடையைக் கட்டியிருப்போம்.

ஆட்டத்தைச் சுருக்குங்கள். அசல் ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதினெட்டு பேர், 135 முதல் 185 மீட்டர் நீளமுள்ள நீள்வட்ட மைதானம். இது கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி வளர்ந்த ஆட்டம். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் சோம்பிப்போகக் கூடாது என்று டாம் வில்ஸ் 1858இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷம் மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்டன. உங்கள் ஊரில் கிரிக்கெட் மைதானம் இருந்தால் அதிர்ஷ்டம். எங்களுக்குக் கிடைத்தது செவ்வகக் கால்பந்து மைதானம். அதில் முப்பத்தாறு பேரை இறக்கினால் சந்தைக் கூட்டம்தான். பக்கத்துக்கு ஒன்பது பேர் போதும்: மூன்று பேர் முன்னால், மூன்று பேர் நடுவில், மூன்று பேர் பின்னால்.

கம்பம் ஒரு தனிக் கதை. ஒரு முனைக்கு நான்கு, ஆக எட்டு. கம்பத்துக்குக் கம்பம் 6.4 மீட்டர், அதாவது ஏழு கஜம். மடிசார் புடவையில் இரண்டு கஜம் கழித்தால் சரியாக வரும். மைதானக் காவலர் புல்லில் ஒரு குழிகூடத் தோண்ட விடவில்லை. பெயிண்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி பிளாஸ்டிக் குழாய்களை நிறுத்தினோம். முதல் காற்றுக்கே இரண்டு சாய்ந்தன. கடைசியில் கைகொடுத்தது தண்ணீர் நிரப்பும் தோட்டக்குடைப் பீடம். ஆடும் முன் நிரப்பி, முடிந்ததும் கொட்டிவிட்டுத் தூக்கிப்போகலாம். குழாயைச் சுற்றிப் பழைய மெத்தைப் பஞ்சு கட்டுங்கள், யாராவது ஓடிவந்து மோதத்தான் போகிறார்கள். ரக்பி மைதானம் கிடைத்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அங்கே இருக்கும் இரண்டு கம்பத்துக்கு இருபுறமும் ஒவ்வொன்று நிறுத்தினால் போதும். குறுக்குச் சட்டத்தை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

பந்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரக்பி பந்தை வைத்துத் தொடங்கினால் கால் தப்பாகப் பழகிவிடும். மெல்பர்னிலிருந்து வருகிற யாரையாவது பிடித்து, காற்றை இறக்கி, பெட்டியில் நான்கு பந்து போட்டுக்கொண்டு வரச்சொல்லுங்கள். மாலை வெளிச்சத்துக்கு மஞ்சள் பந்து நல்லது.

இனி உதை. புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றே: பந்தைக் கொஞ்சம் மேலே தூக்கிப் போட்டு உதைப்பார்கள். நீள்உருண்டைப் பந்து காற்றில் ஒரு கால் சுற்று சுற்றினாலும் அப்புறம் அது எங்கே போகும் என்பது அதற்கே தெரியாது. பந்தை இரு பக்கமும் பிடிக்கவேண்டும், தையல் வெளிப்பக்கம் பார்க்க. வலது காலால் உதைப்பவர் இடக்கையை முதலில் எடுத்துவிட வேண்டும். வலக்கை மட்டும் பந்தை இடுப்புக்குக் கீழே வரை கொண்டுபோய் விடவேண்டும். கையில் என்ன கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் பாதத்துக்கு வரவேண்டும். கால்விரல்கள் நீட்டியபடி, பாதத்தின் மேல்பக்கம் கல்லுப்போல விறைப்பாக. சரியாகப் பட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேரே போகும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது, "போடாதே, வை." முதல் பயிற்சியில் அரைமணி நேரம் யாரும் உதைக்கவே கூடாது, பந்தைக் கீழே விடுவது மட்டும்தான். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆளைப் பிடிப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். இரண்டு கையால் தொட்டால் பிடித்ததாகக் கணக்கு. பிறகு முழங்காலில் நின்றபடி புல்லில் பழக்கலாம். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே மட்டும்தான் பிடிக்கலாம். நான் பள்ளியில் கபடி ஆடியவள், செய்துகாட்டப் போனால் கை தன்னால் கணுக்காலுக்குப் போகும். பிள்ளைகள் உடனே "ஃப்ரீ கிக்!" என்று கத்துவார்கள்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு அடி விழுந்த இடத்தைச் சொல்கிறேன். முதல் வருஷம் எங்கள் இருவரைத் தவிர பதினான்கு பேர், அதில் பதினொருவர் ஆஸ்திரேலியர்கள். மாணவர்கள், ஒப்பந்த வேலைக்காரர்கள். அழகாக ஆடினார்கள், பயிற்சியும் அவர்களே, சாவியும் அவர்களிடமே. கிறிஸ்துமஸ் முடிந்து பிப்ரவரியில் கூடினால், நானும் மகளும் மூன்று ஜெர்மானியர்களும்தான். மற்றவர்களுக்குப் படிப்பு முடிந்தது, விசா முடிந்தது, போய்விட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. உள்ளூர்க்காரர்கள் கையில் ஒரு பொறுப்பும் கொடுக்காதது என் தப்பு. ஆஸ்திரேலியாவில் 2002 முதல் 2017 வரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடந்த சர்வதேசக் கோப்பையில் ஆஸ்திரேலியா ஆடவில்லை. வேறு நாட்டு அணியில் ஆஸ்திரேலியரை நுழைக்கவும் முடியாது. பாப்புவா நியூ கினி மூன்று முறை வென்றது. அந்த விதி ஏன் என்று அந்த பிப்ரவரியில்தான் எனக்குப் புரிந்தது.

அதனால் முதல் நாளிலேயே பொருளாளர், சாவி, விசில் மூன்றும் உள்ளூர்க்காரர் கையில் இருக்கட்டும். பயிற்சியும் உள்ளூர் மொழியில். நான் ஆங்கிலத்தில் கத்தியபோதெல்லாம் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். தன் ஆளுக்காக எதிராளியை மறித்து வழி உண்டாக்குவதற்கு ஃபுட்டியில் 'ஷெப்பர்ட்' என்று பெயர். ஆடு மேய்ப்பதற்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பருவம் முழுக்க யோசித்திருக்கிறார்கள். சங்கப் பதிவுக்கு இங்கே ஏழு உறுப்பினர் வேண்டும். நாங்கள் அந்தப் பக்கமே போகாமல், ஒரு ரக்பி சங்கத்தின் கீழ் தனிப் பிரிவாகச் சேர்ந்துகொண்டோம். காப்பீடு, மைதானம், உடைமாற்றும் அறை எல்லாம் ஒரே கையெழுத்தில் முடிந்தது. அங்கே நல்ல கம்பமும் இருந்தது.

எதிரணி கிடைப்பது கஷ்டம். பக்கத்தில் ஐரிஷ்காரர்களின் கேலிக் (Gaelic) கால்பந்துச் சங்கம் இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கும் கையிலிருந்து விட்டு உதைக்கத் தெரியும். டப்ளினில் அதை ஆடி வளர்ந்த ஜிம் ஸ்டைன்ஸ் மெல்பர்னுக்குப் போய் 1991இல் ஃபுட்டியின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தையே வாங்கினார். முதல் பாதி அவர்களுடைய உருண்டைப் பந்து, இரண்டாம் பாதி நம் பந்து. இரண்டிலும் தோற்றோம், ஆனால் நான்கு பேர் எங்களிடம் சேர்ந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் மெல்பர்ன் இறுதி ஆட்டம். அங்கே மதியம் இரண்டரை என்றால் இங்கே காலை ஆறரை. வீட்டுக்குக் கூப்பிட்டு உப்புமா போடுகிறேன் என்று சொல்லுங்கள்; புது ஆள் சேர்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. போன முறை இருபத்தாறு பேர் வந்தார்கள், அதில் ஆஸ்திரேலியர் இரண்டு பேர். இடைவேளைக்கு முன்பே ரவை தீர்ந்துவிட்டது. பேக்கரிக்கு ஆள் அனுப்பினோம்.