மீன் செவுளை ஸ்லைடில் ஏற்றுவது: செலவைக் குறைக்கும் வழிகள்

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் நோய் ஆராய வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எதில் காசு மிச்சம் பிடிக்கலாம் என்றுதான். அச்சில், பசையில், ஆல்கஹாலில் பிடிக்கலாம். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் மட்டும் கைவைக்காதீர்கள்.

செவுள் வெகு வேகமாகக் கெடும். மீன் செத்த சில நிமிடங்களிலேயே இழைகளின் மேல்தோல் உரியத் தொடங்கிவிடும். அதைப் பார்த்து நோய் என்று எழுதிவிடுவோம். ஏலம் முடிந்து ஐஸில் கிடக்கும் மீன் உதவாது. வத்தை என்ற சிறு படகில் மீன்பிடிப்பவரிடம் முந்தின நாளே "அண்ணே, செவுள் அசையுற மீனா ஒண்ணு ஒதுக்கி வைங்க" என்று சொல்லிவையுங்கள். கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் அதை மயக்கிவிட்டு, எலும்பு வளைவைப் பிடித்து வெட்டுங்கள். சிவப்பு இழைகளில் இடுக்கி பட்டால் அந்த இடம் நசுங்கித்தான் தெரியும்.

வெட்டிய செவுளை ஊறவைக்கும் கரைசலுக்கு: கடையில் வாங்கும் ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். நீருக்குப் பதில் கடல்நீரை ஊற்றினால் அதிலுள்ள கால்சியம் இந்த உப்புகளோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். உப்பைப் போடாமலே விட்டால் கரைசல் அமிலமாகி, திசுவில் கருப்புத் துகள் விழும். திசுவைப் போல் 10 மடங்காவது திரவம் வேண்டும். ஒரு நாள் ஊறட்டும். பெயரைப் பென்சிலால் எழுதிச் சீட்டை உள்ளேயே போடுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இன்னொன்று: இந்தப் பாட்டிலை விற்பனை மீனுக்குப் பக்கத்தில் திறக்கவே கூடாது. கையுறை கட்டாயம்.

வளைவு எலும்பை 10 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் இளக்கிக் கழுவி, திசுவிலுள்ள நீர் வெளியேற 70, 90, 100 சதவீதம் என ஆல்கஹாலில் படிப்படியாக ஏற்றுங்கள். நம் கடற்காற்றில் 100 சதவீத ஆல்கஹால் சும்மா இருந்தாலே ஈரம் இழுக்கும். மயில்துத்தத்தை வெள்ளைத் தூளாகும்வரை வறுத்து, பாட்டிலின் அடியில் பரப்பி, மேலே வடிதாள் போட்டுவையுங்கள். தூள் நீலமானால் நீர் புகுந்துவிட்டது. அந்த ஆல்கஹாலைக் கீழ்ப்படிக்கு இறக்கிக்கொள்ளலாம், கொட்ட வேண்டியதில்லை. அடுத்து, ஆல்கஹாலை நீக்கி மெழுகு ஏற வழிவிடும் சைலீனில் திசுவைப் போட்டதும் பால்போல் கலங்கினாலும் இதே காரணம்தான், திரும்ப ஆல்கஹாலுக்கே கொண்டுபோங்கள்.

திசுவைச் சுற்றி மெழுகு வார்க்கப் பித்தளை அச்சு வேண்டாம். கெட்டித்தாளில் மடித்த காகிதப் படகு போதும். மெழுகு 60 டிகிரியைத் தாண்டினால் திசு மொறுமொறுத்துவிடும். சித்திரை வெயிலில் மெழுகுக்கட்டி குழையும், மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோமில் வைக்குமுன் ஐஸ்மேல் கவிழ்த்துவையுங்கள். வெட்டிய சீவலை ஸ்லைடில் ஒட்ட, முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் சமஅளவு கலந்து வடிகட்டி, கெடாமல் இருக்க ஒரு தைமால் படிகம் போட்டால் சரி.

உட்கருவுக்கு நிறமேற்றும் ஹெமடாக்சிலின் சாயத்துக்குப் பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவினால் நீலம் ஏறாது. குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். அதிலும் ஏறாவிட்டால் லிட்டருக்கு 2 கிராம் சமையல் சோடா. உட்கரு செந்நிறத்திலிருந்து நீலமாக மாறிய பிறகே அடுத்த சாயமான ஈயோசினுக்குப் போங்கள்.