கப் (பிக்அப்) வாகனத்தின் திறந்த பின்பெட்டியை மூட எந்தப் படங்கு?

முதலில் பெட்டியை அளந்துவிடுங்கள். முன் தகட்டின் உட்பக்கத்திலிருந்து மூடியிருக்கும் பின்கதவின் உட்பக்கம் வரை. ஒரே மாடலிலேயே ஒரு வரிசை ஆசனமுள்ள சிங்கிள் கப்புக்கும் இரண்டு வரிசையுள்ள டபிள் கப்புக்கும் பெட்டியின் நீளம் வேறு, வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

துணியில் அவசரம் வேண்டாம். வன்னியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் கிரவல் வீதிப் புழுதி மாவு போல எல்லா இடுக்கிலும் ஏறும், மாரியில் ஏ9 வீதியில் எதிரே வரும் பஸ் அடிக்கும் தண்ணீர் பக்கவாட்டில் வரும், ஆகவே வெறும் கான்வாஸை விட உள்ளே நூல் வலை வைத்த வைனில் நல்லது. ஓரத்தை மடித்து அழுத்துங்கள். மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் அது ஒரு கோடைகூடத் தாங்காது.

அழுத்துப் பொத்தான் வகை மலிவு, ஆனால் புழுதி புகுந்தால் பொத்தான் இறுகிவிடும். பரந்தன் சந்தியில் நெல் மூட்டையோடு மழைக்குள் நின்று பிடுங்கியபோது எனக்குத் துணியே கிழிந்தது. இப்போது சுருட்டும் வகைதான். ஓரங்கள் வெல்க்ரோவில் ஒட்டும், மூட்டை உயர்ந்தால் முன்னுக்குச் சுருட்டி வாரால் கட்டிவிடலாம். குறுக்குக் கம்பிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நடுவில் தண்ணீர் குளம் கட்டும். அப்புறம், கத்தி பட்டால் கிழியும் துணி இது, பெறுமதியான சாமானை ஆசனத்துக்குப் பின்னால் வையுங்கள்.