உங்கள் ஊரின் நிலமும் மக்கள்தொகையும் எழுதப் போகிறீர்களா? முதலில் எல்லையைப் பிடியுங்கள்

ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் பலரும் கேட்பது "மொத்தம் எத்தனை பேர்?" என்றுதான். ராமநாதபுரம் கடற்கரையில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: எது உங்கள் ஊர்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய் கிராமம் வாரியாகத்தான் எண்ணுகிறது, அதனால் கடலோரத்து மீனவர் குடியிருப்பும் உள்ளே கண்மாய்க்கரையில் இருக்கும் குடியிருப்பும் ஒரே பெயரின் கீழ் கிடக்கலாம். உங்கள் ஊர் எந்த வருவாய் கிராமத்தில் வருகிறது என்று விஏஓவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சி எல்லையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் 2011 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டை இணையத்தில் இறக்குங்கள். அதில் கீழக்கரை, ஆர்.எஸ்.மங்கலம் என்று தாலுகாவே இருக்காது, இரண்டும் பிறகு பிரிந்தவை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஊர்களைத் திருவாடானைக்குள் தேடுங்கள். தொண்டி, மண்டபம் போன்ற பேரூராட்சிகள் நகரப் பட்டியலில் இருக்கும். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை, அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் 2011 என்று கட்டாயம் போடுங்கள், நீங்களாக நாலு சதவீதம் கூட்டிப் போடாதீர்கள். வாக்காளர் பட்டியலை எடுத்து மக்கள்தொகை என்று எழுதுவது அதைவிட மோசம், அதில் 18 வயதுக்குக் கீழே யாருமே இல்லையே! ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் என்று வந்தாலும் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர் உள்ளூர்க் கணக்கில் வரமாட்டார்.

நிலத்தைச் சொல்லும்போது முதல் வரியிலேயே எந்தக் கடல் என்று சொல்லிவிடுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் வடகடல், தென்கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா. தொழில், காற்று, மீன் எல்லாம் இதைப் பொறுத்தே மாறும். பிறகு கண்மாய், உப்பளம், சீமைக்கருவேலங்காடு, வடகிழக்குப் பருவமழையை நம்பிய விவசாயம் எல்லாம் வரட்டும்.

பரப்பளவு ஹெக்டேரில் இருக்கும், 100 ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையைச் சதுர கிலோமீட்டரால் வகுத்தால் மக்கள் அடர்த்தி வந்துவிடும், ஆனால் அந்தப் பரப்பில் கண்மாயும் மணல்வெளியும் சேர்ந்திருப்பதால் எண் சிறியதாகத் தெரியும். கடற்கரைத் தெருவிலோ வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும். அடர்த்தியைப் போட்டால் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.