பள்ளிக் கடன் பத்திரத்துக்கு வாக்கா? உங்கள் வீட்டு வரியில் எவ்வளவு ஏறும் என்று முதலில் பாருங்கள் (கலிஃபோர்னியா)

"பள்ளிக் கட்டடங்களைச் சீரமைக்கக் கடன் பத்திரம் வெளியிடலாமா?" கலிஃபோர்னியாவில் தேர்தல் வந்தால் பல ஊர்களின் வாக்குச் சீட்டில் இப்படியொரு 'மெஷர்' (வாக்காளர்கள் முடிவு செய்யவேண்டிய தீர்மானம்) இருக்கும். அந்தக் கடனை அடைப்பது நம் வீட்டு வரியிலிருந்துதான், ஆக அது நம் பணம். கணக்குப் போட்ட பிறகு வாக்களிப்போம்.

1. கவுண்டி அனுப்பும் வாக்காளர் கையேட்டில் 'டாக்ஸ் ரேட் ஸ்டேட்மென்ட்' (வரி விகித அறிக்கை) பக்கத்துக்கு நேராகப் போங்கள். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை அப்புறம் படிக்கலாம். 1,00,000 டாலர் மதிப்புக்கு எத்தனை டாலர் வரி, வட்டியோடு மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்ற மதிப்பீடுகள் அங்கே இருக்கும். கடன் தொகை என்று பெரிதாகக் கண்ணில் படுவது வெறும் அசல்.

2. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். எந்த மதிப்பு? ஜில்லோ போன்ற வீட்டு விலைத் தளங்கள் காட்டும் சந்தை விலை இதற்கு உதவாது. சொத்து வரி பில்லில் உள்ள 'அசெஸ்டு வேல்யூ'வை (வரிக்காகக் கணக்கிட்ட மதிப்பை) எடுங்கள். 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொப்பசிஷன் 13 என்ற சட்டத்தின்படி, வாங்கிய விலையில் தொடங்கும் அந்த மதிப்பு வருஷத்துக்கு அதிகபட்சம் 2% தான் ஏறும்.

வீடு இன்று 14,00,000 டாலர் போகும், பில்லில் 9,50,000, வரி விகிதம் 1,00,000 டாலருக்கு 40 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.5 × 40 = வருஷத்துக்கு 380 டாலர். சந்தை விலையில் போட்டால் 560 என்று வந்து, தேவையில்லாமல் பயமுறுத்தும். சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்கான 7,000 டாலர் விலக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

3. எத்தனை வாக்கு வேண்டும்? உள்ளாட்சிப் பொதுக் கடன் பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. பள்ளிகளுக்கு மட்டும் 2000-இல் வந்த ப்ரொப்பசிஷன் 39 வழியாக 55% போதும். பதிலுக்கு ஆண்டுத் தணிக்கையும் குடிமக்கள் கண்காணிப்புக் குழுவும் கட்டாயம். அந்தக் குழுவின் பழைய அறிக்கைகளைக் கட்டாயம் படியுங்கள். முந்தைய கடனை எப்படிச் செலவழித்தார்கள் என்பதற்கு விளம்பர அட்டைகளைவிட அவைதான் நல்ல சாட்சி.

பின்சேர்க்கை: "புது வீட்டு பில்லில் மெல்லோ-ரூஸ் என்று தனி வரி. நான் வாக்களிக்கவே இல்லையே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். புதுக் குடியிருப்புப் பகுதிகளின் சாலை, பள்ளி போன்ற வசதிகளுக்காக 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி போடப்படும் வரி அது. பகுதியில் பதிவான வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவாக இருந்தால் நில உரிமையாளர்கள் வாக்களிப்பார்கள், ஏக்கருக்கு ஒரு வாக்கு. வெறும் நிலமாக இருந்தபோதே பில்டர் வாக்களித்து முடித்திருப்பார். இந்த வரி வீட்டு மதிப்பை வைத்துப் போடப்படுவதில்லை, எனவே மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. வாங்கும் முன்பே சிறப்பு வரி அறிவிப்பைக் கேட்டு வாங்கி, எந்த வருஷம் முடிகிறது, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்று பாருங்கள்.

இன்னொன்று: கிரீன் கார்டில் இருப்பவர்கள் வரி கட்டுவார்கள், வாக்களிக்க முடியாது. வாடகைக்கு இருக்கும் குடிமகன் வாக்களிக்கலாம். ஆனால் மெஷரை வாக்குச் சீட்டில் சேர்க்கலாமா என்று பள்ளி வாரியம் தீர்மானம் போடும் கூட்டத்தில் யாரும் எழுந்து பேசலாம், குடியுரிமை தேவையில்லை. வழக்கமான கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட்டாக வேண்டும். அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.